குப்பை வராத வீடு

பிள்ளைகளே, தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு வீட்டு வாசலையும் ஒரு நொடி குனிந்து பார்த்துவிட்டுத்தான் நான் போகிறேன் என்று நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து கேலி செய்கிறீர்கள். போன வாரம் சின்னவள், "அப்பா எதையோ தொலைச்சுட்டாரு, எத்தனையோ வருசமாத் தேடுறாரு" என்றாள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். நான் எதையும் தொலைக்கவில்லை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாயால் சொல்லப் பலமுறை பார்த்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் பெரியவன் திருத்தட்டும். எழுத்தை மட்டும் திருத்தடா, நடந்ததைத் திருத்தாதே.

அப்போது நான் வைகைக்குத் தெற்கே நாலைந்து சந்துகளுக்குக் குப்பை மேஸ்திரியாக இருந்தேன். பெரியவன் பிறந்து இரண்டு வயது. மற்ற இரண்டு பேரும் பிறக்கவில்லை.

அதற்கு முன்பெல்லாம் குப்பை என்றால் தூக்கி எறிகிற பொருள் என்று யாரும் நினைத்ததில்லை. அடுப்புச் சாம்பல் பாத்திரம் விளக்க ஆகும். கழுநீர் எருமைக்கு. சாப்பிட்ட இலை ஆட்டுக்கு. கிழிந்த சேலை முதலில் தொட்டில், பிறகு கால் துடைக்கும் துணி, கடைசியில் விளக்குத் திரி. இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவது கொல்லைக் குழிக்குப் போகும். கோடையில் உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு வந்து, ஒரு சாக்கு மொச்சையோ நாலு பூசணிக்காயோ கொடுத்துவிட்டு, குழியைத் தோண்டி வயலுக்கு எருவாக அள்ளிப் போவார். அடுத்த வருடம் குழியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் அவருக்குக் கோபம் வரும். குப்பைக்காகப் பேச்சு நின்றுபோன சம்பந்திகளை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு மில் வந்தது, ஜனம் வந்தது. கொல்லைகளெல்லாம் வாடகை அறைகளாயின. குழியும் கிணறும் ஒன்றையொன்று நெருங்கின. வருடா வருடம் காய்ச்சல். கடைசியில் தமுக்கு அடித்துச் சட்டம் சொன்னார்கள்: இனி வீட்டில் குழி கூடாது. சந்துக்கு ஒரு தகரத் தொட்டி. காலை ஏழு மணிக்குள் குப்பையைக் கொண்டுவந்து அதில் போட வேண்டும். சாக்கடையில் கொட்டினால் அபராதம். எந்த வீடு போடுகிறது, எந்த வீடு போடவில்லை என்று பார்ப்பது என் வேலை.

முதல் தொட்டியை நான்தான் இடம் பார்த்து வைத்தேன். மூன்று சந்தும் கூடுகிற இடம், எல்லோருக்கும் பக்கம் என்று நினைத்தேன். ஒரு மாதம் அந்தத் தொட்டி பளபளவென்று காலியாகவே நின்றது. அதற்குள் விழுந்ததெல்லாம் குங்குமம் தடவிப் பிளந்த எலுமிச்சம்பழமும், சுற்றிப் போட்ட மிளகாயும் உப்பும்தான். முச்சந்தி என்றால் கண்ணேறு கழிக்கிற இடம். அங்கே இருக்கிற ஒரு பாத்திரத்துக்குள் யார் தன் வீட்டுப் பொருளைப் போடுவார்கள்? பத்து அடி தள்ளி வைத்தேன். அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. ஒரு வீட்டுக் குப்பை இன்னொரு வீட்டுக் குப்பையோடு கலந்தால் என்ன ஆகுமோ, சீப்பில் வந்த முடியை யார் எடுத்து என்ன செய்துவிடுவார்களோ என்று பெண்கள் கூடையை மூடிக்கொண்டு வந்து, தலையைத் திருப்பிக்கொண்டு கொட்டுவார்கள்.

அந்தச் சந்தில் முதன்முதலாகக் கூடையைத் திறந்து கொண்டுவந்து கொட்டியவள் ஒரு மில் தொழிலாளியின் மனைவி. வாய்க்காரி. நான் சந்துக்குள் நுழைந்தாலே, "குப்பை மாப்பிள்ளை வந்துட்டாருடி, தாம்பாளம் எடுங்க!" என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுப்பாள். சில நாள் அவளுடைய எட்டு வயது மகள் கூடையைக் கொண்டுவருவாள். என்னைக் கண்டதும் கூடையை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவிடுவாள். சந்தில் எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தது அப்படி: "சோறு திங்கலையா, மேஸ்திரிகிட்டப் பிடிச்சுக் குடுத்துருவேன், வண்டில போட்டு அள்ளிக்கிட்டுப் போயிருவாரு." நானும் அதற்குத் தகுந்த மாதிரி மீசையை முறுக்கிக் காட்டுவேன். விளையாட்டுத்தான் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் ஒவ்வொரு வீட்டுக் குப்பைக்கும் ஒரு முகம் இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. முருங்கைக்காய்ச் சக்கை எந்த வீடு, வெற்றிலைக் காம்பு எந்த வீடு, விருந்தாளி வந்தது எந்த வீடு, அடுப்பே மூட்டாதது எந்த வீடு, எல்லாம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் தெரியும். விடியற்காலையில் அந்தச் சந்தில் முதலில் கேட்பது விளக்குமாற்றுச் சத்தம். ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கும். இருபது வீட்டுச் சத்தமும் ஒரு வரிசையாக என் காதில் வந்துகொண்டே இருக்கும்.

தை கடைசியில் ஒரு நாள் அந்த வரிசையில் ஒரு சத்தம் இல்லை. பல் விழுந்த இடத்தில் நாக்குப் போவது போல என் காது அந்த இடத்துக்கே போனது. மில்காரர் வீடு.

முதல் நாள் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அந்த வீட்டுக் குப்பை தொட்டிக்கு வரவில்லை. ஊருக்குப் போயிருப்பார்கள் என்றால், அப்படியும் இல்லை. கூரைக்கு மேல் புகை எழுந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. சாக்கடையை எட்டிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கொல்லைச் சுவரைப் போய்ப் பார்த்தேன். அந்தச் சுவரின் மேல் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்து, கத்தாமல், வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தன. எச்சில் விழும் என்று தினமும் வந்து பழகிய காக்கைகள். ஒன்றும் விழவில்லை போலிருக்கிறது. அவையும் போகவில்லை.

ஐந்தாம் நாள்தான் புகையில் வாசனை இல்லை என்பதைக் கவனித்தேன். மற்ற வீடுகளில் கடுகு வெடிக்கிறது, மிளகாய் கமறுகிறது. அந்த வீட்டில் புகை வருகிறது, தாளிக்கிற வாசனை வரவில்லை.

வாசலில் கோலம் மட்டும் தினமும் இருந்தது. எனக்கு அது சமாதானமாக இருந்தது. எட்டாம் நாள் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். தரையைக் கூட்டாமலே கோலம் போட்டிருந்தாள். நேற்றைய கோலத்தின் மேல் இன்றைய கோலம். காய்ந்த இலைகளின் மேலேயே மாவு இழுத்திருந்தது. நான் குனிந்திருந்தபோதே காற்று அடித்தது. இரண்டு இலைகள் மாவோடு எழுந்து உருண்டன. கோலத்தில் இரண்டு இடம் அறுந்தது. பகல் வெளிச்சம்தான், சந்தில் ஆள் நடமாட்டம் இருந்தது. ஆனாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் கதவைத் தட்டினேன்.

கதவு பாதி திறந்தது. அவள் நிலையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, எட்டு நாளா ஒங்க வீட்டுக் குப்பையக் காணோம்?"

"காணாமப் போக அது என்ன காசுமாலையா மேஸ்திரி? தேடிக்கிட்டு வந்துட்டீக."

"சாம்பலாச்சும் வருமில்ல?"

"சாம்பல்ல பாத்திரம் வெளக்குறேன். அதுவும் ஒங்க சட்டத்துல குத்தமா?" சிரித்தாள். பல் மட்டும்தான் சிரித்தது.

"எங்கயோ கொட்டுறீக. நாளைக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் ஐயா வாராரு. நான் எழுதிக் குடுத்தா அபராதம் வரும். குப்பை எங்கன்னு காட்டிருங்க, நான் போயிர்றேன்."

 அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"குப்பையத்தான பாக்கணும்? வா தம்பி, பாரு."

அதுவரை மேஸ்திரி என்றவள் அப்போதுதான் தம்பி என்றாள்.

உள்ளே கண் தெரியவில்லை. ஜன்னலைச் சாக்கால் மூடியிருந்தார்கள். முதலடி வைத்ததுமே காலுக்குக் கீழே சரசரவென்று நொறுங்கியது. வேப்பிலை. தரை முழுதும் காய்ந்த வேப்பிலை. அதன் மேல் பச்சை இலை, அதன் மேல் சாம்பல். மூலையில் எட்டு நாள் குப்பையும் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அந்த வீட்டில் கூட்டுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். வெளியே ஒரு பொருளும் போகவில்லை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. உங்கள் காலத்தில் இந்த வழக்கம் அவ்வளவாக இல்லை. அதனால் சொல்கிறேன். ஒரு வீட்டில் அம்மை கண்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். ஆத்தா இறங்குகிற வரை தாளிக்கக் கூடாது, வீட்டைக் கூட்டக் கூடாது, ஒரு துரும்புகூட வாசலைத் தாண்டக் கூடாது. பிள்ளைக்கு மூன்றாம் தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான், மூன்றாம் தண்ணீர் என்பார்கள், எல்லாம் வெளியே போகும். வாசலில் வேப்பிலை செருகி ஊருக்குத் தெரிவிப்பதும் வழக்கம். ஆனால் அம்மை கண்ட பிள்ளையை ஊருக்கு வெளியே உள்ள தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று புதிதாகச் சட்டம். கொட்டகைக்குப் போன பிள்ளை திரும்பாது என்பது சந்தில் பேச்சு. உண்மையில் திரும்பிய பிள்ளைகள் உண்டு. ஆனாலும் பேச்சு அப்படி. அதனால் அவள் வாசலில் வேப்பிலை செருகவில்லை. ஜன்னலை மூடினாள். ஊரை நம்பவைக்கக் கோலமும் போட்டாள். எல்லாவற்றையும் மறைக்கத் தெரிந்தவளுக்கு விளக்குமாற்றைத் தொட மட்டும் மனம் துணியவில்லை. தொட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

குவியலுக்குப் பக்கத்தில், வாழை இலையின் மேல், அந்தப் பெண் பிள்ளை கிடந்தது. முகத்தில் கொப்புளம் இல்லாத இடம் இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டது.

"அம்மா," என்றது மெதுவாக, "குப்பைக்காரரு வந்துட்டாரும்மா. என்னைய அள்ளிக்கிட்டுப் போவவா வந்திருக்காரு?"

நான் என் மீசையைக் கையால் மூடிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் என் காலடியில் அந்த இலைச் சருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தம்பி, மூணாந்தண்ணி வரைக்கும் பொறு. அம்புட்டுத்தான் கேக்குறேன். ஆத்தா எறங்கிருவா. இவளக் கொட்டகைக்குக் கொண்டுபோனா பயத்துலயே போயிரும்."

"சந்துல பிள்ளைக இருக்குக்கா."

"நான் வெளிய வாரேனா? யாரையும் உள்ள விடுறேனா? ஒன் பிள்ளைய நெனச்சுக்கிட்டு ஒரு வார்த்த சொல்லு."

என் பிள்ளையை நினைத்தேன். "சொல்ல மாட்டேன்" என்றேன்.

இதுவரை நடந்ததில் எனக்குப் பெரிய வெட்கம் இல்லை. அடுத்ததைத்தான் உங்களிடம் வாயால் சொல்ல முடியவில்லை.

நான் நேராக ஆற்றுக்குப் போய் உடுத்திய வேட்டியோடு முழுகினேன். ஏறி வந்து பார்த்தால் வேட்டிக் கரையில் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. உதறினேன், போகவில்லை. விரலால் எடுத்து ஆற்றில் விட்டேன். தண்ணீர் அன்று ஓடவில்லை. இலை அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றது. வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் பெரியவனைத் தூக்கிக்கொண்டு, அம்மை வராமல் ஊசி குத்துகிறவர் வீட்டுக்கு ஓடினேன். பெரியவனே, உன் இடது புஜத்தில் இருக்கிற தழும்பு அன்று வந்தது. "என்ன மேஸ்திரி, எங்கயாச்சும் அம்மை கண்டிருக்கா? இம்புட்டு அவசரமா வாரீக" என்று அவர் கேட்டார். "இல்லண்ணே, சும்மாதான்" என்றேன்.

அவரைக் கூப்பிட்டு, என்ன ஏது என்று சொல்லாமலே, சந்து முழுவதற்கும் ஒரு நடை வரச் சொல்லியிருக்கலாம். அந்த நினைவே எனக்கு அன்று வரவில்லை. என் பிள்ளைக்குக் குத்தியாயிற்று, வாக்கும் காப்பாற்றியாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கினேன். இன்ஸ்பெக்டர் ஐயா வந்தார். நோட்டில் மில்காரர் வீட்டுக்கு நேராக என் பென்சிலால் "சரி" என்று போட்டேன்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். ஆத்தா இறங்கிவிட்டாள். விடியற்காலையில் அவள் அந்தக் குப்பை முழுவதையும் நாலு நடையாகத் தலையில் சுமந்து ஆற்றுக்குக் கொண்டுபோனாள். தொட்டியில்தான் போட வேண்டும், எரிக்க வேண்டும் என்று சட்டம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் விளக்குமாற்றுச் சத்தம் வரிசையில் வந்து சேர்ந்துகொண்டது. ஒரு வாரத்தில் அந்தப் பெண் பிள்ளை, முகமெல்லாம் குழியோடு, வாசலில் நின்றது. என்னைக் கண்டு இந்த முறை ஓடவில்லை.

அவர்களுக்கு நேர் எதிர்வீட்டில் ஒரு வாத்தியார் குடியிருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். வேதக்காரக் குடும்பம், கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரர்கள். மனைவி, நாலு மாதக் கைக்குழந்தை. சந்திலேயே சட்டத்தை ஒழுங்காகக் கேட்டு நடந்த வீடு அதுதான். ஏழு மணிக்கு முன்பே குப்பையைத் தாளில் பொதிந்து, தொட்டி மூடியைத் திறந்து போட்டுவிட்டு, திரும்ப மூடிவிட்டுப் போவார் வாத்தியாரே. ஆண் பிள்ளை குப்பை கொண்டுவருகிறாரே என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அம்மை விஷயம் சந்தில் ஒன்றிரண்டு வீட்டுக்காவது தெரிந்துதான் இருந்திருக்கும். அவர்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சட்டம் பேசுகிற வீடு, எழுதிப் போட்டுவிடும் என்று பயம்.

அந்தப் பெண் பிள்ளை வாசலுக்கு வந்த வாரமே வாத்தியார் என்னைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கையில் குப்பைப் பொதி இருந்தது. அதைப் போடவும் மறந்து நின்றார்.

"மேஸ்திரி, குழந்தைக்கு நாலு நாளா காய்ச்சல். இன்னைக்குக் காலைல நெத்தியில கொப்புளம். அம்மைன்னு டாக்டர் சொல்றாரு. இந்தச் சந்துல வேற எங்கயாவது இருந்துச்சா?"

நான் குனிந்து தொட்டி மூடியைத் திறந்துவிட்டேன்.

"உங்களுக்குத் தெரியாம இருக்காது. எந்த வீட்டுல என்ன சமையல்ங்கிறதுகூட உங்களுக்குத் தெரியும்னு சொல்வாங்க. குளிர் போகட்டும்னுதான் குழந்தைக்கு ஊசி குத்தாம இருந்தேன். ஒரு வார்த்த காதுல விழுந்திருந்தா அன்னைக்கே குத்தியிருப்பேனே."

"தெரியலையே சார்" என்றேன்.

அவர் நம்பினார். "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எனக்கே சமாதானம் சொல்லிவிட்டு, பொதியைத் தொட்டியில் போட்டு, மூடியை மூடிவிட்டுப் போனார்.

அவர்தான் தாமாகவே முனிசிபல் ஆபீசுக்குப் போய்ச் சொன்னார். குதிரை வண்டி வைத்து மனைவியையும் குழந்தையையும் தாமே கொட்டகைக்குக் கூட்டிப் போனார். தொட்டில் துணியைச் சட்டப்படி வாசலில் வைத்துத் தாமே எரித்தார். ஆறாம் நாள் அவரும் மனைவியும் மட்டும் வந்தார்கள். சாமான்களை ஏற்றினார்கள். கதவைப் பூட்டினார்கள். ஊருக்குப் போய்விட்டார்கள். மில்காரர் மனைவி தன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். வண்டி திரும்புகிற வரை வெளியே வரவில்லை.

மறுநாள் விடிகாலையில் அந்த வரிசையில் மறுபடியும் ஒரு சத்தம் இல்லை. இந்த முறை எதிர்ப்பக்கம்.

அந்த வீட்டு வாசலை யாரும் கூட்டவில்லை. இடது பக்கத்து வீட்டுக்காரி தன் வாசலைக் கூட்டிக்கொண்டு வந்து, சுவர் முடிகிற இடத்தில், கோடு போட்டது போல நிறுத்திவிடுவாள். வலது பக்கத்திலும் அப்படியே. நடுவில் மட்டும் நாளுக்கு நாள் சருகும் தூசியும் தொட்டில் துணியின் கரியும் சேர்ந்துகொண்டே வந்தது. சந்தில் காற்று அடித்தால் எல்லா வாசல் சருகும் அங்கேதான் போய் நின்றது. பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு எதிர்ச்சுவரை ஒட்டி நடந்தார்கள். என் ஆட்களைக் கூட்டச் சொன்னேன். "வேற எங்க வேணாலும் சொல்லுங்க மேஸ்திரி. அந்த வாசல்ல வாரியல் வைக்க மாட்டோம்" என்றார்கள். அவர்களை நான் அதட்டவில்லை.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம், மில்காரர்கள் மில்லிலும் பெண்கள் உள்ளேயும் இருக்கிற நேரம், நான் மட்டும் அந்தச் சந்துக்குப் போனேன். வண்டியிலிருந்து ஒரு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டேன். மேஸ்திரியான பிறகு நான் அதைத் தொட்டதில்லை, பிடிக்கிற விதமே மறந்திருந்தது. படியிலிருந்து தொடங்கினேன். கரி தரையோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து நகத்தால் சுரண்டினேன். எல்லாவற்றையும் கையாலேயே கூடையில் அள்ளிக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டு, மூடியை மூடினேன். திரும்பி வந்து, இரண்டு பக்கத்து வாசலோடும் சேருகிற வரை இன்னொரு தடவை கூட்டினேன்.